வெஸ்லே தேவாலயத்தின் வளைகூரை: சுவர் ஏன் விலகியது, எப்படி நிறுத்தினார்கள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், யோன் மாவட்டத்தில், க்யூர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே எழும் ஒரு குன்றின் முதுகில் இருக்கிறது வெஸ்லே. ஊரில் ஒரே பெரிய தெரு. கீழே சந்தைத்திடலில் தொடங்கி மேலே மகதலா மரியா தேவாலயத்தின் வாசலில் முடிந்துவிடும். இன்று ஐந்நூறு பேர்கூட வசிக்காத இந்த ஊருக்கு ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள தேவாலயம் இருக்கிறது. 1979-இல் யுனெஸ்கோ இந்தத் தேவாலயத்தையும் குன்றையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இதன் சிற்பங்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். இந்த ஆய்வு பார்ப்பது சிற்பங்களை அல்ல, நடுக்கூடத்தின் வளைகூரையை. 1120-க்குப் பிறகு கட்டிய அந்தக் கூரை இருபுறச் சுவர்களையும் வெளியே தள்ளியது. இடைக்காலத்தில் ஒருமுறை அதற்கு முட்டுக் கொடுத்தார்கள். 1840-இல் விழும் நிலைக்கு வந்தபோது மறுபடி கொடுத்தார்கள். இந்தக் கூடத்தின் அழகுக்கும் நோய்க்கும் மூலம் ஒன்றே என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கட்டடம் உருவான வரிசை

9-ஆம் நூற்றாண்டில் ரூசியோன் பிரபு ஜிரார் நிறுவிய மடம் முதலில் பள்ளத்தாக்கில்தான் இருந்தது. வைக்கிங்குகள் சூறையாடிய பிறகு குன்றின் மேலே போனது. 11-ஆம் நூற்றாண்டில் மகதலா மரியாவின் திருப்பண்டங்கள், அதாவது புனிதரின் உடல் எச்சங்கள், இங்கே இருக்கின்றன என்ற செய்தி பரவியதும் பயணிகள் குவிந்தார்கள். ஸ்பெயினின் சந்தியாகோ திருத்தலத்துக்குப் போகும் நான்கு பெரும் பாதைகளில் ஒன்று இங்கிருந்து புறப்படுகிறது. காணிக்கை வந்தது, கட்டடம் வளர்ந்தது, வரியும் ஏறியது. ஆர்த்தோ என்ற மடாதிபதி 1096 வாக்கில் பீடப் பகுதியையும் குறுக்குக்கூடத்தையும் புதிதாகக் கட்டத் தொடங்கினார். 1104-இல் அவை அர்ப்பணிக்கப்பட்டன. 1106-இல் ஊர்மக்கள் கிளர்ந்தெழுந்து அவரைக் கொன்றார்கள்.

புதிய பீடத்தோடு பழைய நடுக்கூடம் ஒட்டிக்கொண்டு நின்றது. 1120 ஜூலையில், மகதலா மரியா திருநாளுக்கு முந்தைய இரவில், அது தீப்பிடித்தது. திருநாளுக்காக வந்து உள்ளே தங்கியிருந்த பயணிகளில் 1,127 பேர் இறந்ததாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அடுத்த கூரை கல்லில்தான் என்று தீர்மானிக்க இது போதாதா?

ரெனோ என்ற மடாதிபதியின் காலத்தில் புதிய நடுக்கூடம் எழத் தொடங்கியது. ஏறத்தாழ 1140-க்குள் அது முடிந்தது. அதன் மேற்கே முன்மண்டபம் 1150 வாக்கில் முடிந்தது. 1146-இல் க்ளேர்வோ மடத்தின் பெர்னார்து இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தது இந்தக் குன்றில்தான். கூட்டம் கொள்ளாமல் மேடையை வெளியே சரிவில் போட்டார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பீடத்தை இடித்துவிட்டு, கூர்வளைவும் மெல்லிய கல் விலாக்களும் கொண்ட காதிக் பாணியில் இப்போதுள்ள பீடத்தை எழுப்பினார்கள். அத்துடன் கட்டடத்தின் பெரும்பகுதி முடிந்தது.

பிறகு இறங்குமுகம். 1279-இல் தெற்கே ப்ரோவான்ஸில், ஸாங் மக்ஸிமாங் என்ற ஊரில், மகதலா மரியாவின் 'உண்மையான' உடல் கிடைத்ததாக அறிவித்தார்கள். 1295-இல் போப் அதை ஏற்றுக்கொண்டார். பயணிகள் திசை மாறினார்கள், வருமானம் நின்றது, பராமரிப்பும் நின்றது. மதப்போர்களில் கொள்ளை, பிரெஞ்சுப் புரட்சியின்போது முகப்புச் சிற்பங்களின் அழிப்பு, மடத்துக் கட்டடங்களின் இடிப்பு, 1819-இல் மேற்குக் கோபுரத்தில் இடி என்று அடுத்தடுத்து அடிகள். ஆனால் வளைகூரையை ஆட்டியவை இவையல்ல. அந்தக் கோளாறு 1120-களில் வரைந்த திட்டத்திலேயே இருந்தது.

பீப்பாயை விட்டு மடிப்புக்குப் போனது ஏன்

அன்றைய பர்கண்டியில் கல்கூரை என்றால் பெரும்பாலும் அரைப் பீப்பாய் வடிவம்தான். க்ளுனி மடத்தின் பெரிய தேவாலயமும் ஓத்தன் பேராலயமும் கூர்வளைவுப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்தவை. பீப்பாய்க் கூரை சுவரை அதன் முழு நீளத்துக்கும் ஒரே சீராகத் தள்ளும். ஆகவே சுவர் முழுக்கவே கனமாக இருக்க வேண்டும். அதில் பெரிய சாளரம் வெட்ட முடியாது. சின்னச் சின்னதாகத்தான் திறக்க முடியும்.

வெஸ்லேயின் கட்டுநர்கள் வேறு வழியை எடுத்தார்கள். இரண்டு அரைப் பீப்பாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஊடுருவ விட்டால், அவை சந்திக்கும் இடத்தில் மூலைக்கு மூலை இரண்டு மடிப்புகள் விழும். அந்த மடிப்புகள் வழியே பாரம் நான்கு மூலைகளுக்கு இறங்கிவிடும். நடுவில் உள்ள சுவருக்குப் பெரிய வேலை இல்லை, அதைச் சாளரமாகத் திறந்துவிடலாம். அதே பர்கண்டியில் ஆன்ஸி லெ துக் என்ற சிற்றூர்த் தேவாலயம் இதைச் சிறிய அளவில் முன்பே செய்திருந்தது. வெஸ்லே அதைப் பெரிதாக்கியது. ஏறத்தாழ 62 மீட்டர் நீளம், பத்துக் கண்கள் (இரு குறுக்கு வளைவுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் ஒரு கண்), சுமார் 10 மீட்டர் அகலம், 18 மீட்டருக்கும் மேலான உயரம். கீழே வளைவு வரிசை, மேலே சாளர வரிசை, இரண்டே அடுக்கு. இடையில் மாடமோ நடைபாதையோ கிடையாது. உள்ளே வருகிற வெளிச்சத்தின் அளவு காதிக்குக்கு முந்தைய, அரைவட்ட வளைவும் தடித்த சுவருமான அக்காலத்து ரோமனெஸ்க் கட்டடங்களில் அரிது.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது வடிவக் கணக்கு. ஒவ்வொரு கண்ணும் சதுரமில்லை. 10 மீட்டர் அகலம், 6 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். குறுக்கே போகும் வளைவின் ஆரம் 5 மீட்டர், சுவரோரமாகப் போகும் வளைவின் ஆரம் 3 மீட்டர். இரண்டும் அரைவட்டம் என்றால் ஒரே மட்டத்தில் கிளம்பி வெவ்வேறு உயரத்தில் முடியும், வித்தியாசம் 2 மீட்டர். சதுரக் கண்ணில் தானாகவே நேர்கோட்டில் விழும் மடிப்பு, இங்கே கோணிக்கொள்ளும். கொத்தனார்கள் இதைக் கணக்கில் தீர்க்கவில்லை, கையால் தீர்த்தார்கள். வெட்டிய கல்லில் குறுக்கு வளைவுகளை மட்டும் துல்லியமாகக் கட்டிக்கொண்டு, இடைப்பரப்பை உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக நிரப்பி, மேலே பூசி, கண்ணுக்குச் சரியாக வரும்படி இழுத்துவிட்டார்கள். மடிப்பு வரி உச்சியை நெருங்க நெருங்க மங்கிப்போவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது சிக்கல் பாரம். அதைச் சற்று விரித்தே பார்க்க வேண்டும்.

சுவர் மேல் விழும் தள்ளல்

கீழே வருவது அளந்து எடுத்த பொறியியல் கணக்கு அல்ல. அளவு பிடிபடுவதற்காகப் போடும் தோராயம்.

ஒரு கண்ணின் தரைப்பரப்பு ஏறத்தாழ 60 சதுர மீட்டர். வளைகூரையின் கனத்தையும் அதன் தோள்களில் (காலுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட பகுதி) கொட்டிய நிரப்பையும் சேர்த்துச் சராசரியாக அரை மீட்டர் என்று வைத்தால் 30 கனமீட்டர். கன மீட்டருக்கு 2.2 டன் வீதம் 66 டன். குறுக்கு வளைவின் கல்லையும் கூட்டினால் 80 டன். பக்கத்துக்கு 40 டன் கீழே இறங்கும். அரைவட்டக் கூரைக்குக் கிடைமட்டத் தள்ளல் இதில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது கண்ணுக்கு, பக்கத்துக்கு, சுமார் 13 டன்.

இந்த 13 டன் எங்கே போய்ச் சேர்கிறது? கீழே பக்கக்கூடங்கள் இருக்கும்வரை சுவருக்குத் துணை உண்டு. அவற்றின் வளைகூரைகள் தூணை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளுகின்றன. பக்கக்கூடக் கூரைக்கு மேலே ஏறியதும் அந்தத் துணை போய்விடுகிறது. நடுக்கூடச் சுவர் சாளரங்களோடு ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குத் தனியாக நிற்கிறது. தள்ளல் வந்து விழுவது அந்தத் தனிச்சுவரின் மேல்பாதியில்.

அந்தச் சுவர் 1 மீட்டர் கனம் என்று கொள்வோம். ஒரு கண் நீளத்துக்குச் சாளரத்தைக் கழித்தால் 70 டன், மரக்கூரையையும் கூரை ஓடுகளையும் சேர்த்தால் 80 டன். அதன் எடை சுவரின் நடுவில் இறங்குகிறது, வெளி விளிம்பிலிருந்து அரை மீட்டர். வளைகூரையின் 40 டன் உள் விளிம்பருகே இறங்குகிறது, 0.9 மீட்டர். நிற்கச் செய்யும் திருப்புமை (பாரத்தை விளிம்பிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கிய அளவு) 40-உம் 36-உம் சேர்ந்து 76 டன்-மீட்டர். கவிழ்க்கும் திருப்புமை 13 டன் × 5 மீட்டர், 65. சுவர் நிற்கும், ஆனால் மொத்தப் பாரமும் வெளி விளிம்பிலிருந்து வெறும் 10 செ.மீ. உள்ளே வந்து அழுத்தும். கல்லும் சுண்ணாம்பும் இழுவை தாங்காதவை. அவற்றுக்குப் பாரம் சுவர்க் கனத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது விளிம்பிலிருந்து குறைந்தது 33 செ.மீ. உள்ளே இறங்க வேண்டும். தூணோடு ஒட்டிய வெளிப்பட்டைகள் கொஞ்சம் உதவும். போதுமான உதவி அல்ல.

இனி நடப்பது மெதுவாக நடக்கும். தடித்த சுவரின் உள்ளே இருக்கும் சுண்ணாம்புச் சாந்து இறுக ஆண்டுக்கணக்காகும், ஏனென்றால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. இளகியிருக்கும் காலத்தில் வெளி விளிம்பு நசுங்குகிறது. சுவர் வெளியே சாய்கிறது. சாய்ந்த சுவரின் எடையே அதை மேலும் சாய்க்கத் துணை போகிறது. கால்கள் அகல, வளைவின் உச்சி இறங்குகிறது. அரைவட்ட வளைவின் தோளிலும் உச்சியிலும் கீல் விழுந்ததாகக் கொண்டால், பக்கத்துக்கு 10 செ.மீ. விலகினால் உச்சி ஏறத்தாழ 15 செ.மீ. இறங்கும். உச்சியில் விரிசல் அடிப்பக்கமாக வாய் திறக்கும். தோளில் மேல்பக்கமாகத் திறக்கும், கீழே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. தட்டையான வளைவு நிமிர்ந்த வளைவைவிட அதிகமாகத் தள்ளும் என்பதால் சுவர் இன்னும் விலகும். இது ஒரு சுழல்.

கட்டியவர்களுக்கு இந்தப் பயம் இல்லாமல் இல்லை. சுவரின் உள்ளே நீளவாக்கில் மர உத்திரங்களைப் புதைத்து, அவற்றில் இரும்புக் கொக்கிகளை மாட்டி, குறுக்கு வளைவுகள் கிளம்பும் மட்டத்தில் இழுப்புக் கம்பி போட ஏற்பாடு செய்திருந்ததை, 1840-இல் பழுதுபார்க்க வந்த கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் பின்னாளில் பதிவு செய்தார். யோசனை சரி, பொருள் தவறு. ஈரச் சுண்ணாம்புக் கட்டுக்குள் காற்றில்லாமல் புதைந்த மரம் உளுத்துப்போகும். சில தலைமுறைகளில் மரம் இருந்த இடத்தில் வெறும் பொந்து இருக்கும். கொக்கி எதைப் பிடிக்கும்? இரும்பு தாங்கியிருக்கலாம், அதைப் பிடித்திருந்த மரம்தான் முதலில் போனது.

பாடம் சீக்கிரமே கற்றார்கள் என்பதற்கு முன்மண்டபமே சாட்சி. நடுக்கூடத்துக்குப் பிறகு எழுந்த அதன் பெரிய வளைவுகள் அரைவட்டமல்ல, கூர்வளைவு. கூர்வளைவு பாரத்தைச் செங்குத்தாகக் கீழே இறக்கும், பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். பக்கக்கூடங்களுக்கு மேலே மாடம் வைத்து, அந்த மாடத்தின் வளைகூரை நடுக்கூரையின் தள்ளலை நேரே வாங்கிக்கொள்ளும்படியும் அமைத்தார்கள். நடுக்கூடத்தில் விட்ட தனிச்சுவர் இங்கே இல்லவே இல்லை. அதற்குக் கொடுத்த விலை வெளிச்சம். முன்மண்டபம் மங்கலானது. அங்கிருந்து உள்கதவைத் திறந்ததும் நடுக்கூடம் பளிச்சென்று விரிவதில் ஒரு நாடகம் இருக்கிறது. அது வேண்டுமென்றே செய்தது என்றே சொல்வார்கள். பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது. மீதிப் பாதி, முதல் கூடத்தில் கண்ட விரிசலுக்குப் பயந்தது.

நடுக்கூடத்துக்குப் பின்னாளில் வெளியிலிருந்து முட்டுவளைவுகள் கொடுத்தார்கள். கட்டடக் கலைப் பாடங்களில் ஃப்ளையிங் பட்ரஸ் என்று படிப்பது இதைத்தான். பக்கக்கூடக் கூரையைத் தாண்டி ஒரு கால்வட்ட வளைவு வந்து சுவரின் மேல்பகுதியில் தலையை முட்டுகிறது. கூரையின் தள்ளலை வாங்கி வெளித்தூணுக்கு இறக்குகிறது. அது சுவரில் முட்டும் உயரம்தான் முக்கியம். வளைவு கிளம்பும் இடத்திலிருந்து அதன் எழுச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள பகுதியில் முட்ட வேண்டும். அதற்கு மேலே முட்டினால் தள்ளல் கீழே நழுவிச் சுவரை வயிறு தள்ள வைக்கும். கீழே முட்டினால் சுவரின் தலை சாயும். இந்த முட்டுகளும் பராமரிப்பில்லாமல் சிதைந்து 1840-இல் பயனற்றுப் போயிருந்தன.

1834-உம் 1840-உம்

ப்ராஸ்பர் மெரிமே 1834-இல் பிரான்சின் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளரானார். அதே ஆண்டு வெஸ்லேக்கு வந்தவர், உள்ளே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது வளைகூரையிலிருந்து சிறு கற்கள் கழன்று சுற்றிலும் விழும் ஓசையைக் கேட்டதாக எழுதினார். இன்னும் தாமதித்தால் விபத்தைத் தவிர்க்க இடித்துத் தள்ள வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தார். உச்சியில் அடிப்பக்கம் வாய் திறந்த விரிசலிலிருந்து பொடிக்கல் உதிர்வது வளைவு இன்னும் அசைந்துகொண்டிருப்பதன் அடையாளம். அசைவு நின்றுபோன விரிசல் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும்.

1840-இல் வேலையை யேஜேன் வியோலே லெ துக்கிடம் கொடுத்தார்கள். வயது 26. கையில் பெரிய பழுதுபார்ப்பு அனுபவம் இல்லை. அரசுக் கலைப்பள்ளியில் படிக்கவும் மறுத்தவர். 1859 வரை அங்கே வேலை நடந்தது.

இப்படிப்பட்ட கட்டடத்தில் எதை முதலில் தொடுவது என்பதே பாதி வைத்தியம். முட்டு உளுத்திருக்கிறது என்று அதைப் பிரித்தால் கூரை வரும். கூரை கனமாக இருக்கிறது என்று ஒரு கண்ணை இறக்கினால் பக்கத்துக் கண்களின் தள்ளல் சமன் இழந்து நீளவாக்கில் அடுத்த வளைவுகளைச் சாய்க்கும். ஆகவே முதல் வேலை எப்போதும் உள்ளே சென்டரிங் அடிப்பது. குறுக்கு வளைவுகளின் கீழே மரச்சட்டம் நிறுத்தி, ஆப்பு வைத்து, பாரத்தைத் தற்காலிகமாக அதன் மேல் ஏற்றிக்கொள்வது. அதன் பிறகே வெளி முட்டுகளில் கை வைக்கலாம். அதையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக. ஒரு பக்கம் மட்டும் முடித்தால் கூடம் முழுவதும் மறுபக்கம் நகரும். முட்டுகள் நிலைத்து, சாந்து இறுகிய பிறகுதான் கூரையின் முறை.

கண்ணைப் பிரிக்கும்போது உச்சியிலிருந்து தொடங்கி இருபுறமும் ஒரே வேகத்தில் கீழே வர வேண்டும். முதலில் தோள்களில் கிடக்கும் நிரப்பை அள்ளலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறு செய்வார்கள். அந்தக் கனம்தான் தோள் மேலே எகிறாமல் அமுக்கி வைத்திருக்கிறது. உச்சி நிற்கும்போது தோளை லேசாக்கினால் வளைவு தோளில் எகிறி நடுவில் விழும். மறுபடி கட்டும்போது தலைகீழ் வரிசை. இரு காலிலிருந்தும் சமமாக ஏறி, தோள்களை நிரப்பிக்கொண்டே போய், கடைசியில் பூட்டுக்கல். சுண்ணாம்புச் சாந்து என்றால் சென்டரிங்கை வாரங்கள் அல்ல, மாதங்கள் விட்டுவைக்க வேண்டும். எடுக்கும்போது ஆப்புகளை எல்லா இடத்திலும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, வளைவு ஒரு சில மில்லிமீட்டர் உட்கார்ந்து நிற்கிறதா என்று பார்த்து, பிறகு மீதியைத் தளர்த்துவார்கள். ஒரே நாளில் உருவினால் இளஞ்சாந்து ஒரு மூலையில் மட்டும் நசுங்கி, புதுக் கூரையே கோணலாகப் பிறக்கும்.

வியோலே லெ துக் செய்ததன் சாரம் இது: முட்டுவளைவுகளைப் புதிதாகக் கட்டினார். சிதைந்த குறுக்கு வளைவுகளையும் வளைகூரைக் கண்களையும் மாற்றினார். கூரைகளைச் சீர்செய்தார். சாய்ந்த சுவர்களை நிமிர்த்தவில்லை. எண்ணூறு டன், ஆயிரம் டன் கட்டுமானத்தை இழுத்து நிமிர்த்துவது உள்ளே இறுகிவிட்ட சாந்தை உடைப்பதாகும். சாய்வு இருக்கட்டும், இனி கூடாமல் இருந்தால் போதும் என்பது சரியான முடிவு. இன்றைக்கும் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பல வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல் அமுங்கியிருப்பது தெரியும். வெள்ளையும் பழுப்புமாக மாறி மாறி வரும் ஆப்புக்கற்கள் (வளைவை ஆக்கும் ஆப்பு வடிவக் கற்கள்) அந்த அமுக்கத்தை இன்னும் எடுத்துக்காட்டுகின்றன. ஒரே நிறக் கல்லாக இருந்திருந்தால் கண் ஏமாந்திருக்கும்.

சர்ச்சை வேறு இடத்தில். பீடத்தை ஒட்டிய கிழக்குக் கண்களில் நான்கு, முன்னொரு காலத்தில் மறுபடி கட்டும்போது காதிக் விலா வளைகூரையாக மாறியிருந்தன. அவற்றில் மூன்றை அவர் எடுத்துவிட்டு, மற்ற கண்களைப் போல ரோமனெஸ்க் மடிப்புக் கூரையாகக் கட்டினார். கட்டுமானக் காரணம் இதற்குச் சொல்ல முடியாது. விலா வளைகூரை லேசானது, தள்ளல் குறைந்தது. தள்ளலால் சாகும் கட்டடத்தில் லேசான கூரையை எடுத்துக் கனமான கூரையை வைப்பது வைத்தியம் அல்ல. முட்டு சரியாக இருந்ததால் அது தாங்கியது. ஆனால் எடுத்தது கூடம் முழுக்க ஒரே முகமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையால். அந்த மூன்று கண்களோடு கட்டடத்தின் வரலாற்றில் ஒரு பக்கமும் போனது.

சிற்பங்களைப் பற்றிக் கொஞ்சம்

முன்மண்டபத்துக்கும் நடுக்கூடத்துக்கும் இடையே உள்ள பெரிய வாயிலின் நெற்றி, அதாவது கதவுக்கு மேலே உள்ள அரைவட்டச் சிற்பப் பரப்பு, 1120-களிலும் அதை ஒட்டியும் செதுக்கியது. நடுவில் கிறிஸ்து, அவர் விரல்களிலிருந்து சீடர்களை நோக்கிப் பாயும் கதிர்கள், இடுப்பில் சுழி போலச் சுருளும் துணி மடிப்பு. சுற்றிலும் உலகத்து மக்கள்: நாய்த்தலையர், முறம் போன்ற காதுக்காரர், ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர். வெளி வளையத்தில் பன்னிரு இராசிகளும் மாத வேலைகளும். உச்சியில் வட்டத்துக்குள் அடங்க உடலை வளைத்துக் கிடக்கும் கொக்கு, நாய், கழைக்கூத்தாடி, கடற்கன்னி. இது பிழைத்ததற்குக் காரணம் எளிது. கூரைக்குக் கீழே, கதவுக்கு உள்ளே இருந்தது. வெளி முகப்பின் நெற்றியைப் புரட்சிக்காரர்கள் கொத்தி எடுத்தார்கள். இப்போது அங்கே தெரிவது மிஷேல் பஸ்கால் 1856-இல் செதுக்கியது.

தூண்தலைகள் நடுக்கூடத்திலும் பக்கக்கூடங்களிலுமாகச் சுமார் நூறு. தென்புறத் தூண் ஒன்றில் பலரும் தேடிப் பார்ப்பது 'மறைபொருள் ஆலை'. ஒருவர் மூட்டையைச் சாய்த்துத் தானியம் கொட்டுகிறார், அவர் மோசே. குனிந்து மாவைச் சாக்கில் பிடிப்பவர் பவுல். ஆலைச் சக்கரத்தின் ஆரங்கள் சிலுவை வடிவம். பழைய ஏற்பாடு தானியம், புதியது மாவு. மோசேயின் குட்டை உடை உழைப்பாளியின் உடை, பவுலுக்கு நீண்ட அங்கி. சிற்பி அதைக்கூட விடவில்லை. சிதைந்த தூண்தலைகளை 19-ஆம் நூற்றாண்டில் நகலெடுத்து மாற்றியபோது மூலங்களை வீசிவிடாமல் வைத்திருந்தார்கள். அவை பக்கத்திலேயே அருங்காட்சியகத்தில் உள்ளன. எது 12, எது 19 என்று ஒப்பிட இது பெரிய வசதி.

ஒளிப்புள்ளிகளின் கணக்கு

கோடைக்காலக் கதிர்த்திருப்ப நாளில், ஜூன் 21-ஐ ஒட்டி, உச்சிவேளையில் தென்புற மேற்சாளரங்களின் ஒளி நடுக்கூடத் தரையின் மையக்கோட்டில் வரிசையாக ஒன்பது பத்துப் புள்ளிகளாக விழும். இதைப் பார்க்கவே கூட்டம் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்பதும் சுவைதான். வெஸ்லே 47.5 பாகை வட அட்சத்தில் உள்ளது. அன்று உச்சிச் சூரியனின் உயரம் 66 பாகை. சுவர்க் கனத்தையும் சேர்த்து மையக்கோடு ஐந்தரை மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், ஒளி நுழையும் இடம் தரைக்கு மேல் 12 மீட்டர் சுமாரில் இருக்க வேண்டும். மேற்சாளரங்கள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. டிசம்பர் கதிர்த்திருப்பத்தில் உச்சிச் சூரியன் 19 பாகைக்கு இறங்கிவிடுகிறது. ஒளி கூடத்தைக் கடப்பதற்குள் மூன்றரை மீட்டர்தான் கீழே வருகிறது, எதிர்ச்சுவரின் மேல்பகுதியில் படுகிறது.

சாளரங்கள் வரிசையாக இருந்தால் புள்ளிகளும் வரிசையாகத்தான் விழும். அதில் அதிசயம் இல்லை. ஆண்டு முழுவதும் அந்த வரிசை வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் தென்கோடி எல்லை சரியாக மையக்கோட்டில் அமைந்தது மட்டும்தான் கேள்வி. திட்டமிட்டார்கள் என்பவர்களும் உண்டு, தற்செயல் என்பவர்களும் உண்டு. எதுவானாலும் பீப்பாய்க் கூரை போட்டிருந்தால் அந்தச் சாளரங்களே இருந்திருக்காது.

நேரில் போனால் எங்கே நின்று பார்ப்பது

முன்மண்டபத்தில் நின்று பக்க மாடத்தையும் கூர்வளைவையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கூடத்துக்குள் போனதும் மாடம் மறைந்துவிடும். அந்த இடைவெளியில்தான் சாளரங்கள் இருக்கின்றன, சுவர் தனியாக நிற்பதும் அங்கேதான். நடுவில் நின்று, ஒவ்வொரு வளைவின் உச்சியையும் அதன் கால்களையும் கண்ணால் இணைத்துப் பாருங்கள். அமுங்கிய வளைவும் புதுக்கட்டும் தனித்தனியாகத் தெரியும். பிறகு வெளியே போய்த் தெற்குப் பக்கம் சரிவிலிருந்து பார்த்தால் முட்டுவளைவுகள் பக்கக்கூடக் கூரையைத் தாண்டி எந்த உயரத்தில் சுவரில் முட்டுகின்றன என்பது விளங்கும். பக்கக்கூடக் கூரை சுவரைத் தொடும் மூலையையும் கவனிக்கலாம். இப்படிப்பட்ட தேவாலயங்களில் மழைநீர் முதலில் உள்ளே இறங்குவது அந்த ஈயத் தகட்டு மடிப்பில்தான்.

மறுபடி உள்ளே வந்து கிழக்கு நோக்கி நடந்தால் ஒன்பது கண்கள் மடிப்புக் கூரையோடு போகும். குறுக்குக்கூடத்துக்கு முந்தைய கடைசிக் கண்ணில் மட்டும் மடிப்பு இல்லை, இரண்டு மெல்லிய கல் விலாக்கள் குறுக்காகப் போகின்றன. வியோலே லெ துக் எடுக்காமல் விட்ட நான்காவது கண் அது.